இரண்டாவது குண்டை நம்பி ரைபிள் வாங்காதீர்கள்

போன மார்கழியில் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் இருக்கும் நண்பரின் காபித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. டெக்சாஸில் வேலை பார்க்கும் அவர் மகன் லீவில் வந்திருந்தான். களத்தில் காபிக்கொட்டை காய்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது செல்போனை என் முன்னால் நீட்டினான்.

"மாமா, நீங்க ஆர்மில துப்பாக்கி வேலை பார்த்தவருதானே? அங்க மான் வேட்டைக்குப் போறதுக்கு ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்கலாம்னு இருக்கேன். இந்த நாலுல எது நல்லது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அப்பா சொன்னார்: "அதுல ஒண்ணு இங்கயும் இருந்தா நமக்கு இந்தக் காட்டெருமைத் தொல்லை தீர்ந்துரும்."

இராணுவத்தில் 24 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவனாக இருந்தவன் நான். இப்போது சேலத்தில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி கொடுக்கிறேன். அப்பா, மகன் இருவருடைய பேச்சையும் வேறு வேறு வீடுகளில் பல தடவை கேட்டிருக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் வேட்டை அனுமதி உள்ள நாடுகளுக்குப் போகிறார்கள், வீடியோ பார்க்கிறார்கள், ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்குத் தமிழில் இதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு குண்டு. விரலை விட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்தது. நடுவில் நடக்கும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்கிறது. குண்டு பேரல் என்ற குழலுக்குள் போகும்போது பின்னாலிருந்து தள்ளும் வாயுவில் கொஞ்சம், பேரலில் உள்ள சின்னத் துளை வழியாகப் பிரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பேரலின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட், பூட்டு விடுபட்டுப் பின்னால் போகும், சுட்ட தோட்டாவின் காலி உறையை, அதாவது கேஸை, வெளியே வீசும், ஸ்பிரிங் அழுத்தத்தில் முன்னால் வரும்போது தோட்டா அடுக்கிய மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைப் பேரலின் பின்முனை அறையான சேம்பருக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்ளும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். நம் படைகள் பல்லாண்டுகள் சுமந்த 7.62 எஸ்.எல்.ஆர். ரைபிள் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. 1967-ல் வந்த பிரௌனிங் பி.ஏ.ஆர். வேட்டை ரைபிளும் அப்படித்தான்.

இந்த வேகத்தைக் காட்டித்தான் விற்கிறார்கள். என் பயமும் இந்த வேகத்தின் மேல்தான். சுட்டு முடித்த அந்த நொடியிலேயே சேம்பரில் அடுத்த தோட்டா தயாராக உட்கார்ந்திருக்கிறது. யாரும் கையால் ஏற்றவில்லை, அதனால் யார் நினைவிலும் அது இருப்பதில்லை.

ஒரு முறை ரேஞ்சில் சுடும் பயிற்சி முடிந்து ஆயுதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். நல்ல சிப்பாய், ஐந்து வருட அனுபவம். மேகசினைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, எஸ்.எல்.ஆரை வலது கையால் நீட்டி, "காலி சார்" என்றான். வழக்கப்படி முனையைத் தரைப் பக்கம் திருப்பி, போல்ட்டைப் பின்னால் இழுக்கும் காக்கிங் ஹேண்டிலை இழுத்தேன். பளபளவென்று ஒரு முழுத் தோட்டா துள்ளி வந்து சிமெண்ட் தரையில் 'டிங்' என்று விழுந்து என் பூட்ஸ் வரைக்கும் உருண்டது. அவன் முகம் வெளுத்துப்போனது. அவன் செய்த தப்பு ஒன்றுதான்: மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று நினைத்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் செமி ஆட்டோமேட்டிக்கைக் கையில் எடுக்கும் யாராக இருந்தாலும் வரிசை மாறக் கூடாது. முதலில் மேகசினைக் கழற்று. பிறகு போல்ட்டை இழுத்துத் திறந்து பிடி. சேம்பரைக் கண்ணால் பார். இருட்டாக இருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார். வரிசையைத் திருப்பி, மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை இழுத்துவிட்டால் ஒரு தோட்டாவை வெளியே தள்ளி இன்னொன்றை நீங்களே உள்ளே ஏற்றிவிடுவீர்கள்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். எது வாங்கலாம்?

அங்கே பெருவிலங்கு என்றால் பெரும்பாலும் வெள்ளைவால் மான், அதற்கு மேல் எல்க், மூஸ் என்ற பெரிய மான் வகைகள். மானுக்கு .243, .270, .308 அளவுத் தோட்டாக்கள் போதும். எல்க், மூஸ் என்றால் .308, .30-06, அதற்கு மேல். சந்தையில் அதிகம் கண்ணில் படும் செமி ஆட்டோமேட்டிக்குகள் .223 அளவில் வருகின்றன. பெரிய உடம்புக்கு அந்தக் குண்டு சின்னது. அதனால்தான் சில மாநிலங்கள் மானுக்கே அதை அனுமதிப்பதில்லை. ஆகவே துப்பாக்கியின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, முதலில் தோட்டாவை முடிவு செய், அதற்கு வரும் துப்பாக்கியைத் தேடு என்றேன்.

செமி ஆட்டோமேட்டிக்கில் நல்லதும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வாயுவின் ஒரு பங்கு போல்ட்டைத் தள்ளுவதில் செலவாவதாலும், அந்த உதை கொஞ்சம் நீண்டு பரவுவதாலும் தோளில் அடி மெத்தென்று இருக்கும். ஒல்லியானவர்களுக்கு அது பெரிய உதவி. தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த குண்டுக்குத் தயாராகலாம்.

ஆனால் காட்டில் நடப்பதே வேறு. விடியற்காலை நிசப்தத்தில் போல்ட்டை விட்டால் 'சடக்' என்று ஒரு சத்தம் வரும். மான் காது கொடுத்தே பிழைக்கும் விலங்கு. சத்தம் வரக் கூடாதென்று போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக முன்னால் விடுவார்கள். அப்படி விட்டால் அது முழுதாகப் பூட்டாமல் போகலாம். அப்போது சுடும் நேரத்தில் விசை இழுத்தால் ஒன்றும் நடக்காது. வாயு போகும் துளையிலும் பிஸ்டனிலும் கரி சேரும், பனியில் அது களிம்பாகும். வருடத்துக்கு ஒரு தடவை பெட்டியிலிருந்து எடுக்கிறவருக்கு அந்த நாளில்தான் காலி கேஸ் சிக்கிக்கொள்ளும். தோட்டா கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் போல்ட் முழுத் தூரம் பின்னால் போகாது. கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்‌ஷனில் இந்தச் சிக்கல்கள் ரொம்பக் குறைவு. புதிதாக வேட்டைக்குப் போகிறவர்கள் போல்ட் ஆக்‌ஷன் வாங்குவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். அடுத்த குண்டு தயாராக இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தால் முதல் குண்டில் கவனம் குறையும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடமே இதைப் பார்க்கிறேன். ஒற்றைத் தோட்டா கொடுத்தால் மூச்சை அடக்கி நிதானமாகச் சுடுகிற பிள்ளை, ஐந்து கொடுத்தால் முதலிரண்டைக் கோட்டைவிடும். அட்டையில் அது வெறும் மதிப்பெண். காட்டில் வயிற்றில் குண்டு பட்ட மான் எங்கேயோ புதருக்குள் போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். நம் சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். ஒவ்வொரு குண்டுக்கும் லீவரைக் கையால் தள்ளி இழுக்க வேண்டிய ரைபிள்.

வேட்டைக்கு இடம் கொடுக்கும் நாடுகளும் இந்த ஆபத்தைத் தெரிந்தே விதி போட்டிருக்கின்றன. ஜெர்மனியில் வேட்டையில் செமி ஆட்டோமேட்டிக் என்றால் மேகசினில் 2 தோட்டா, சேம்பரில் 1, அவ்வளவுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியா பெருவிலங்கு வேட்டைக்கு நெடுங்காலமாகவே இதை அனுமதித்ததில்லை. ஆஸ்திரேலியா 1996-லும் நியூசிலாந்து 2019-லும் கூட்டக் கொலைகளுக்குப் பிறகு பொதுமக்கள் இவற்றை வைத்திருப்பதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டன. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் அமெரிக்க வீடியோவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அடுத்து அவனிடம் நான் கேட்டது விசாவைப் பற்றி. "எச்1பிதான் மாமா" என்றான். அவனுக்குத் தெரியாத செய்தி இது: எச்1பி, எஃப்1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. விலக்குகள் உண்டு, அதில் முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது கையில் இல்லாமல் நண்பனின் ரைபிளை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் "வைத்திருந்ததாக"வே கணக்காகும். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம், விசாவும் போகும். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. போன வருஷம் சக ஊழியர் ஒருவரோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டிருக்கிறான், லைசென்ஸ் இல்லாமல். அமெரிக்காவுக்குத் திரும்பியதும் முதலில் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார், பிறகு துப்பாக்கிக் கடையைப் பார் என்று சொன்னேன்.

அவன் அப்பாவுக்கு நான் சொன்ன பதில் இன்னும் கடுமையானது. அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். காட்டெருமைக் கூட்டம் ராத்திரியில் இறங்கினால் காபிச் செடி மிதிபடுகிறது, காலையில் பறிப்புக்கு வரும் பெண்கள் பயந்துகொண்டே வருகிறார்கள். ஆனால் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டெருமை முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கு அனுமதி கொடுப்பது கலெக்டர் ஆபீஸ் வேலையும் இல்லை. 2016 ஆயுத விதிகளில் அது பொதுவாகக் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வருகிறது, மத்திய உள்துறை வரைக்கும் போக வேண்டும். பயிர்க் காவலுக்கு 1959 ஆயுதச் சட்டம் முதன்மையாகச் சொல்வது, குழல் முனை வழியாக வெடிமருந்தைக் கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அந்த லைசென்ஸும் வனவிலங்கைக் கொல்ல உரிமை தராது. லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டுப் பரணில் இருந்தால் 2 முதல் 5 ஆண்டு. தாத்தா காலத்தது என்று சொன்னால் போலீஸ் கேட்காது. அப்படி ஏதாவது இருந்தால் வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள் என்று மலைக் கிராமங்களில் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

"பன்றியைச் சுடலாம்னு சொன்னாங்களே?" என்றார். 2025 தொடக்கத்தில் அரசு சொன்னதைப் பாதி மட்டும் கேட்டவர்கள் ஊரில் நிறையப் பேர். காப்புக் காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையுள்ள இடத்தில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம். சுடுவது வனத்துறை ஊழியர்கள், தோட்டக்காரர் அல்ல. ஏற்காட்டுத் தோட்டங்களில் பல காட்டை ஒட்டியே இருக்கின்றன. விலங்கு இறங்கினால் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள், சேதத்தை அன்றைக்கே போட்டோ எடுத்து இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். தாமதமாகத்தான் வருகிறது என்ற கோபம் நியாயமானது. அதையும் எழுத்தில் கொடுங்கள்.

சட்டத்தை விடுங்கள். இந்த மலையில் ரைபிள் குண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? .30-06 குண்டு தடுக்க எதுவும் இல்லாவிட்டால் 3 கிலோமீட்டருக்கு மேல் போகும். சின்ன .22 குண்டே 1 கிலோமீட்டர் தாண்டும். மேட்டில் நிற்கும் விலங்கைப் பார்த்துச் சுட்டுத் தப்பினால் குண்டு முகட்டைத் தாண்டி அடுத்த சரிவில் இறங்கும். அங்கே மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி நிற்கிறவர் யார் வீட்டுப் பிள்ளை?

கிளம்பும் முன் பையனிடம், "ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போன பை எது?" என்று கேட்டேன். ஊருக்குக் கொண்டுவந்த அதே முதுகுப் பைதான். வெளிநாட்டில் சுட்டுப் பழகிவிட்டு, பைக்குள் மறந்த ஒரு தோட்டாவோடு நம் ஏர்போர்ட் ஸ்கேனரில் மாட்டுவது நடக்கிற விஷயம். தெரியாமல் வந்தது என்பதை நிரூபிக்கக் கோர்ட் வரை அலைய வேண்டியிருக்கும். "ரெண்டு ஏர்போர்ட் தாண்டி வந்துட்டேன் மாமா" என்று சிரித்தான். பையைக் களத்தில் கவிழ்க்கச் சொன்னேன். சார்ஜர், பேனா, சூயிங்கம் தாள் விழுந்தன. பக்கவாட்டுப் பையின் தையல் ஓரத்தில் விரலை விட்டுத் துழாவினேன். ஒரு .308 காலி கேஸ் வந்தது, முனை கரிபிடித்து, குண்டும் மருந்தும் இல்லாமல்.

அவன் அப்பா அதை வாங்கி ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அடுத்த வாரம் பையன் திரும்பிப் போனபோது அந்தப் பையைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுப் பை ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.