கான்ஃபரன்ஸ்: அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டில் ஒரு சொல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் செய்தியைத் தமிழில் எழுதும்போது முதலில் தடுக்குகிற சொல் 'கான்ஃபரன்ஸ்'. அகராதியைப் பார்த்து 'பிக் டென் மாநாடு' என்று எழுதிவிட்டால், எங்கேயோ பந்தல் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றப் போகிறார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். உண்மையில் இது ஒரு நிலையான அமைப்பு. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆட்ட அட்டவணை போட்டுக்கொள்கின்றன, ஆண்டுதோறும் சாம்பியனைத் தீர்மானிக்கின்றன, ஒளிபரப்பில் வரும் பணத்தைப் பங்கு போடுகின்றன. நம் ஊரில் 'ஐவி லீக்' என்றால் படிப்பின் முத்திரை என்று நினைப்போம். அதுவும் 1954இல் உருவான, எட்டுப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கான்ஃபரன்ஸ்தான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'கான்ஃபெர்ரே' என்றால் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்ப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கூடிக் கலந்து பேசுவது என்று பொருள் கொண்டது. அது விளையாட்டு அமைப்புக்குப் பெயரான கதை சிகாகோவில் நடந்தது. 1895 ஜனவரியில் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைக்க, அந்தப் பகுதிப் பல்கலைக்கழகத் தலைவர்கள் அங்கே கூடினார்கள். கல்லூரியில் படிக்காத ஆட்களைக் கூலிக்குப் பிடித்து மைதானத்தில் இறக்குவதை எப்படித் தடுப்பது என்பதுதான் அவர்களின் கவலை. அடுத்த ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் பாமர் ஹவுஸ் ஓட்டலில் கூடி விதிகளை வகுத்தார்கள். அமைப்பின் பெயரிலேயே 'பேராசிரியப் பிரதிநிதிகளின் கான்ஃபரன்ஸ்' என்று இருந்தது. அதாவது, அப்போது அது நேர்ப்பொருளிலேயே ஒரு கூட்டம். கூடியவர்கள் மறைந்தும் கூட்டத்தின் பெயர் அமைப்போடு ஒட்டிக்கொண்டது. அதுதான் இன்றைய பிக் டென். பெயரில் பத்து, உறுப்பினர்கள் 18.

பத்து எப்படி 18 ஆனது? இங்கேதான் 'விரிவாக்கம்' வருகிறது. 1984 வரை கல்லூரிக் கால்பந்தின் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, அமெரிக்கக் கால்பந்து) தொலைக்காட்சி உரிமை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பின் பிடியில் இருந்தது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. அப்புறம் கான்ஃபரன்ஸ்கள் தாங்களே சேனல்களிடம் விலை பேசத் தொடங்கின. அன்றிலிருந்து புதிதாக ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ப்பதற்கு முன் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது வந்தால் நம் பங்கு கூடுமா, குறையுமா? பேச்சுக்கு, பத்துப் பேர் ஆளுக்கு 3 கோடி டாலர் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினோராவது ஆள் குறைந்தது 3 கோடியாவது கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பழைய பத்துப் பேருக்கும் நட்டம்.

2014இல் பிக் டென்னுக்குள் வந்த ரட்கர்ஸின் கால்பந்து அணி பெரிய பேர் பெற்றதல்ல. ஆனால் நியூ ஜெர்சியில் இருக்கிறது, பக்கத்தில் நியூயார்க். பிக் டென்னுக்குச் சொந்த சேனல் உண்டு. அந்த வட்டாரத்துக் கேபிள் வீடுகளின் மாதக் கட்டணம்தான் கணக்கு. படிப்புத் தரமும் பார்க்கப்படும். ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் உயர்மட்டச் சங்கமான ஏஏயூவில் இடம் உண்டா என்பது பிக் டென்னில் பழைய அளவுகோல். ஆனால் 2010இல் பிக் டென் அழைத்திருந்த நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 2011இல் அந்த இடத்தை இழந்தபோதும், அதே ஆண்டு உள்ளே சேர்க்கப்பட்டது. பணமும் படிப்பும் மோதும்போது எது வெல்லும் என்பதற்கு எனக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

சேரத் துடிப்பவர்கள் விலையும் கொடுக்கிறார்கள். அட்லாண்டிக் கரைப் பெயர் கொண்ட ஏசிசி கான்ஃபரன்ஸில் 2024இல் டல்லாஸின் எஸ்எம்யூ பல்கலைக்கழகம் நுழைந்தது, ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் அதே அமைப்பில் குறைந்த பங்குக்குச் சேர்ந்தது. கால்பந்து வாரம் ஒருமுறைதான், பயணத்தைச் சமாளிக்கலாம். கைப்பந்து ஆடும் மாணவிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்: கண்டத்தின் குறுக்கே பறந்து, மூன்று மணி நேர வித்தியாசத்தில் ஆடிவிட்டு, திரும்பி வந்து வகுப்பில் உட்கார வேண்டும். இவர்களின் படிப்பும் தூக்கமும் அந்தப் பங்குக் கணக்கில் வரவே இல்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கருத்தரங்கு, மாநாடு இரண்டும் பொருந்தா. 'கூட்டமைப்பு' நல்ல சொல். ஆனால் ஒரு விளையாட்டுக்கான தேசிய, உலக அமைப்புகளுக்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. என் தேர்வு 'கூட்டணி'. கூட்டு, அணி என்று பிரித்தால் அணிகள் சேர்ந்தது என்று நேராகவே பொருள் தருகிறது. சேர்வது, விலகுவது, பங்கு பேசுவது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருப்பது தமிழ் வாசகருக்கு விளக்காமலே விளங்கும். கூட்டணிக்குள் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் மோதலாமா என்று கேட்கலாம். அதற்காகத்தான் முதல் முறை எழுதும்போது 'பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டணி' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

உடன்வரும் இரண்டு சொற்களிலும் கவனம் வேண்டும். அமெரிக்கர் 'ஸ்கூல்' என்று பல்கலைக்கழகத்தையும் சொல்வார்கள். இங்கே 'பள்ளி' என்று எழுதினால் பிழை. 'அத்லெட்டிக்' என்றால் இந்த இடத்தில் தடகளம் இல்லை, எல்லா விளையாட்டும் அடக்கம்.

விரிவாக்கத்தின் மறுபக்கத்துக்குப் பெயர் பேக்-12, மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. 2022, 2023 ஆண்டுகளில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வெளியேற முடிவெடுக்க, 2024இல் மிஞ்சியவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டுமே. யாருக்கும் வேண்டாதவையாக நின்ற அந்த இரண்டும் பிறகு தாமே ஆள் தேடின. பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் போன்றவை வரச் சம்மதித்தன. கால்பந்தே ஆடாத கன்சாகாவையும் கூடைப்பந்துக்காக அழைத்துக்கொண்டார்கள். மேல்மட்டக் கால்பந்துக் கூட்டணி என்ற தகுதிக்கு எட்டு அணிகள் வேண்டும். எட்டாவதாக 2025இல் டெக்சஸ் ஸ்டேட் கையெழுத்திட்டது.