ஃபில்டரை மாற்றினால் தண்ணீர் நின்றுவிடாது

மறுபடியும் அதே கதையோடு ஒரு வண்டி வந்து நிற்கிறது. டீசலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. ஃபில்டருக்கு அடியிலிருந்த தண்ணீரை இறக்கி, ஃபில்டரையும் மாற்றியிருக்கிறார்கள். சில வாரங்களில் விளக்கு மறுபடி எரிந்திருக்கிறது. இன்னொரு ஃபில்டர். அதற்கும் அடங்காமல் போகவே, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்து, இரண்டைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகும் தண்ணீர். இவ்வளவு செலவுக்கு நடுவிலும் டீசல் ஊற்றும் வாயை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். மூடியைச் சுற்றியுள்ள குழிவில் சேறு இறுகிக் கிடந்தது. அங்கே விழும் மழைநீரை வண்டிக்கு அடியில் இறக்கிவிடுவதற்கென்றே ஒரு சிறு துளையும் மெல்லிய குழாயும் உண்டு. குச்சியை விட்டுக் கிளறியபோது அதற்குள்ளிருந்து களிமண்ணும் மக்கிய இலையும் வந்தன. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. மழை பெய்தால் குழிவு நிரம்பும். வண்டி கழுவினாலும் நிரம்பும். நிரம்பிய நீர் விரிசல் வழியாக டேங்க்குக்குள் இறங்கும். டேங்க்கை இறக்கிக் கவிழ்த்தபோது கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் வந்தது. ஒரு ரப்பர் வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இன்ஜெக்டர் விலை கொடுத்திருந்தார் அந்த மனிதர்.

டீசல் பம்ப், இன்ஜெக்டர் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். வண்டிக்காரர்களுக்கும் சக மெக்கானிக்குகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தண்ணீர் ஒருமுறை வந்தால் அது விபத்தாக இருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஒரு நேரமும் இருக்கிறது. அந்த இரண்டையும் கண்டுபிடிக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

எனக்கு மிகுந்த எரிச்சலூட்டும் விளக்கம் ஒன்று உண்டு. "டேங்க்கை அரைகுறையாக வைத்து ஓட்டுகிறீர்கள், உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேர்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வண்டிக்காரரும் தவறு தன்னுடையதுதான் என்று நம்பி, அன்றாடம் டேங்க்கை நிரப்பத் தொடங்குவார். தண்ணீர் நிற்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி செல்சியஸில், இதற்குமேல் ஈரம் தாங்காது என்ற நிலையில் இருக்கும் காற்றில்கூட ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவிதான் இருக்கும். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். உங்கள் டேங்க் 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கக் காலியாகி, அவ்வளவு இடத்திலும் அந்த ஈரக்காற்று நிறைந்து, அதிலுள்ள ஈரம் மிச்சமில்லாமல் தண்ணீராக மாறினாலும் 2 கிராம் தேறாது. இரவில் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும் என்பது உண்மைதான். பாதி டேங்க் காலியாக இருந்து, பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், அப்படி உள்ளே வருவது ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்று. அதிலுள்ள ஈரம் 0.03 கிராம். ஆண்டு முழுக்க ஒரு நாள் விடாமல் சேர்த்தாலும் ஒரு மேசைக்கரண்டி நிறையாது. அதிலும் பெரும்பகுதி டீசலிலேயே கரைந்து எஞ்சினோடு போய்விடும். இ.என். 590 என்ற ஐரோப்பியத் தரநிர்ணயமே ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை தண்ணீரை அனுமதிக்கிறது. 60 லிட்டருக்கு அது 10 கிராம். வியர்வையைவிட அதிகமான ஈரம் நல்ல டீசலிலேயே இருக்க இடமுண்டு. அப்படியும் வண்டி ஓடுகிறது.

மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டர், பெரிய சேமிப்புத் தொட்டி போன்றவற்றில் இந்த ஈரம் மெல்லச் சேர்ந்து தொல்லை தரும். அங்கே தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது. அன்றாடம் ஓடும் வண்டியில் மாதாமாதம் கிண்ணம் நிறையத் தண்ணீர் வருகிறதென்றால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். எங்கிருந்தோ தண்ணீர் தண்ணீராகவே உள்ளே போகிறது.

சரி, எப்படித் தேடுவது? முதலில், இருப்பது தண்ணீர்தானா என்று உறுதி செய்யுங்கள். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், டீசல் கடத்தாது. ஃபில்டருக்கு அடியிலுள்ள சென்சாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதன் இணைப்பில் களிம்பு பிடித்தாலும், முனைகளில் அழுக்கு படிந்தாலும் விளக்கு எரியும். ஃபில்டர் கிண்ணத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து, அசைக்காமல் சில மணி நேரம் வையுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். கோடே இல்லையென்றால் வயரிங்கைப் பாருங்கள், டீசலை விடுங்கள்.

தண்ணீர் இருந்தால் எவ்வளவு என்று அளந்து எழுதிவையுங்கள். மெக்கானிக் நண்பர்களே, வேலைச் சீட்டில் 'தண்ணீர் எடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. எத்தனை மில்லிலிட்டர், எந்த நிறம், கிலோமீட்டர் எவ்வளவு என்று எழுதுங்கள். அடுத்து பார்ப்பவருக்கு அதுதான் வழிகாட்டி. தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் பழுப்பாக வழவழப்பான படலம் தெரிந்தால் நுண்ணுயிர்கள் குடியேறிவிட்டன. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வாழ்பவை அவை. அந்த டேங்க்கை உள்ளே துடைத்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்; வெறும் மருந்து ஊற்றினால் செத்த படலம் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

அடுத்தது டேங்க். இங்கேதான் பெரும்பாலோர் சோம்பல்படுகிறார்கள். உறிஞ்சு குழாய் டேங்க்கின் அடித்தளத்தைத் தொடுவதில்லை, சற்று மேலேயே நிற்கும். அதற்குக் கீழே தேங்கிய தண்ணீர், ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் அங்கேயேதான் இருக்கும். மேடு ஏறும்போதும் பிரேக் போடும்போதும் அலைந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் போகும். 'திரும்ப வருகிறது' என்று சொல்லப்படும் தண்ணீரில் ஒரு பகுதி, உண்மையில் போகவே இல்லாத பழைய தண்ணீர். ஆகவே டேங்க்கை இறக்கி, தடுப்புத் தகடுகளின் மூலைவரை காலி செய்து, துடைத்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்க முடியும். சுத்தமான டேங்க்கில் நம்பகமான டீசலை நிரப்பிய அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வையுங்கள்: எப்போது மழை, எப்போது கழுவினீர்கள், எப்போது எங்கே டீசல் போட்டீர்கள், எப்போது தண்ணீரில் இறங்கி ஓட்டினீர்கள்.

டீசல் போட்ட பிறகு தண்ணீர் வந்தால், அதே இடத்தில் போட்ட மற்ற வண்டிகளை விசாரியுங்கள். ஒரே தொட்டியிலிருந்து பத்து வண்டிகளுக்கு ஊற்றும் நிறுவனத்தில் பத்திலும் தண்ணீர் என்றால் தொட்டியைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அந்த வண்டியைப் பாருங்கள். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை கிடைக்கிறது. அளவுகோலின் நுனியில் தடவித் தொட்டியின் அடிவரை இறக்கினால் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பேரலைத் திறந்தவெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். அதன் தலையில் மழைநீர் தேங்கும். பேரல் குளிரும்போது அடைப்பானின் இடுக்கு வழியாக அதை உறிஞ்சிக்கொள்ளும்.

மழைக்கோ கழுவியதற்கோ பிறகு வந்தால் மூடி, குழிவின் வடிகால் குழாய், துருப்பிடித்த ஊற்று குழாய், டேங்க் மூச்சுவிடும் பிரீதர் குழாய், டேங்க் தலையில் இருந்து டீசல் அளவைக் காட்டும் ஃப்ளோட் யூனிட்டின் வளையம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூடியை மூடிவிட்டுக் குழிவில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே அடியில் ஒழுக வேண்டும். தேங்கி நின்றால் உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. அழுத்தத் தண்ணீர்க் குழாயை மூடியின்மேல் நேராகப் பீய்ச்சுவதை, கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்துங்கள்.

மழையும் இல்லை, டீசலும் காரணமில்லை என்றால் தண்ணீரையே கேளுங்கள். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு உலர விடுங்கள். வெள்ளைப் படிகங்கள் மிஞ்சினால் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்க்கில் ஊற்றும் ஆட்ப்ளூ திரவத்தை யாரோ டீசல் வாயில் ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அதில் 32.5 சதவீதம் யூரியா, மிச்சமெல்லாம் தண்ணீர். தவறுதலாக ஊற்றியது தெரிந்த அந்த நொடியிலிருந்து சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். பல வண்டிகளில் சாவி போட்டதுமே டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓடத் தொடங்கி, எல்லாக் குழாய்களிலும் அதைப் பரப்பிவிடும். உலர விட்ட சொட்டில் பச்சையோ சிவப்போ நிறம் தெரிந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால், உங்கள் எஞ்சினில் டீசலும் கூலண்டும் (ரேடியேட்டரில் ஓடும் அந்தக் குளிர்விப்பு நீர்) அடுத்தடுத்து ஓடும் இடம் ஏதாவது உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை 'எரித்துவிடும்' என்று விற்கப்படும் ஆல்கஹால் கலந்த திரவங்களை ஊற்றாதீர்கள். அவை தண்ணீரை டீசலோடு கலக்கச் செய்து, அதைப் பிரித்து நிறுத்த வேண்டிய செப்பரேட்டரைத் தாண்டி அனுப்புகின்றன. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் இன்றைய காமன் ரெயில் முறையில், பம்ப் 2000 பார் (காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 2000 மடங்கு) அளவுக்கு அழுத்தம் கொடுக்கிறது. அதன் பாகங்களுக்கு டீசல்தான் உயவெண்ணெய். அங்கே தண்ணீர் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும், உதிர்ந்த தூள் இன்ஜெக்டர்வரை போகும். அந்தத் தூளை ஒருமுறை பார்த்துவிட்டால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்காது.

விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது உயரழுத்தக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது, அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பிடித்த குடுவையைக் கொட்டிவிடாமல் மூடி, தேதி எழுதி, பட்டறைக்கு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள்.