படத்தைத் தொடாமலே படத்தைத் திருத்துவது

லைட்ரூம், டார்க்டேபிள் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒரு ரா படத்தை, அதாவது கேமரா அளந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பை, திறந்து அரை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள். இருண்டு கிடந்த முகம் தெளிந்துவிட்டது. வெளுத்துப்போன வானத்தில் கொஞ்சம் நீலம் வந்துவிட்டது. இடது ஓரத்தில் பாதி தெரிந்த பைக்கையும் வெட்டியாயிற்று. இப்போது ஃபோல்டருக்குப் போய் அந்தக் கோப்பைப் பாருங்கள். காலையில் 25 எம்பி இருந்தது, இப்போதும் அதே 25 எம்பி. ஒரு பைட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேறொரு மென்பொருளில் திறந்தால் பழைய இருட்டு முகமும் அந்த பைக்கும் அப்படியே இருக்கும்.

அரை மணி நேர உழைப்பு ஒரு குட்டிக் குறிப்பாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. டார்க்டேபிள் என்றால் படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்.எம்.பி. என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு இருக்கும். லைட்ரூம் கிளாசிக் கேட்டலாக் என்ற தன் பதிவேட்டுக்குள் எழுதிவைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் சொல்லிவைத்தால் அதுவும் எக்ஸ்.எம்.பி. எழுதித் தரும். அது எழுதியதை நோட்பேடில் திறந்து படிக்கலாம். ‘எக்ஸ்போஷர்2012 = +0.85’, ‘ஷேடோஸ்2012 = +40’ என்ற மாதிரி வரிகள் வரிசையாக இருக்கும். பைக்கை வெட்டியதுகூட ‘இடது ஓரம் 0.12’ என்று ஒரே ஒரு தசம எண். படத்தின் அகலத்தில் முதல் 12 சதவீதத்தைக் காட்டாதே என்று அதற்கு அர்த்தம். தையல்காரர் துணியில் சாக்பீஸ் கோடு போட்டுவைக்கிறாரே, அந்த மாதிரி. கத்தரிக்கோல் இன்னும் துணியில் படவில்லை. திரையில் நாம் பார்ப்பது மூலப் படத்தையும் இந்தக் குறிப்பையும் வைத்து அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக் காட்டும் தோற்றம் மட்டும்தான்.

அந்த 2012 எதற்கு என்று தோன்றும். அந்த ஆண்டு வந்த லைட்ரூம் 4இல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கணக்கையே அதைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் மாற்றியது. புதுக் கணக்கை எல்லாப் படங்களுக்கும் போட்டால், 2008இல் திருத்தி முடித்த கல்யாண ஆல்பம் திடீரென்று வேறு மாதிரித் தெரியும். அதனால் எந்த ஆண்டுக் கணக்கில் இதைப் படிக்க வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதிவைக்கிறார்கள். பழைய படத்துக்குப் பழைய வாய்பாடு, புதிய படத்துக்குப் புதியது. இந்த மென்பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் முடிவு இதுதான். விளம்பரத்தில் ஒருநாளும் வராது.

குறிப்பை மட்டும் வைத்து இவ்வளவு செய்ய முடிவதற்குக் காரணம், ரா கோப்பு இன்னும் படமாகவே ஆகவில்லை என்பது. கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று அளக்க மட்டும் தெரியும். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர், புள்ளிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாகப் பதிக்கும் முறைக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைப் பச்சையில்தான் அதிகம் உணர்கிறது என்பதால் பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை இன்னும் இதையேதான் பயன்படுத்துகின்றன. 24 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதில் 120 லட்சம் புள்ளிகள் பச்சையை மட்டும் அளந்தவை. ஒரு புள்ளிக்கு மூன்று நிறமும் வேண்டும், ஆனால் கையில் இருப்பது ஒன்று. மீதி இரண்டை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. ஆக, இப்படி எடுத்த எந்த வண்ணப் படத்திலும் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்! நெருக்கமான கோடு போட்ட சட்டையில் சம்பந்தமே இல்லாமல் வானவில் அலைகள் தெரிவது அந்த ஊகம் தடுமாறும் இடம்.

நிறச் சமநிலையும் இப்படித்தான். பகல் வெளிச்சத்தில்கூடப் பல கேமராக்களின் சிவப்பு அளவை ஏறத்தாழ இரண்டால் பெருக்கினால்தான் வெள்ளை வேட்டி வெள்ளையாகத் தெரியும். பெருக்காவிட்டால் எல்லாமே பச்சை பாய்ந்திருக்கும். ரா கோப்பில் இந்தப் பெருக்கல் நடப்பதில்லை. எத்தனையால் பெருக்கலாம் என்று கேமரா ஒரு யோசனையை மட்டும் எழுதிவைக்கிறது. மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தைப் பிறகு சரிசெய்ய முடிவது இதனால்தான். யோசனையை அடித்துவிட்டு வேறு எண் போடுகிறோம், அவ்வளவே.

மொத்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஸ்லைடர் இன்னும் எளிது. +1 என்றால் எல்லா எண்ணும் இரண்டு மடங்கு, −1 என்றால் பாதி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 16,383 வரை எண் வரலாம். உச்சி வெயிலில் வேட்டியின் மடிப்பு 16,383ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எழுத இடமில்லை. பக்கத்து மடிப்புக்கும் 16,383, அதற்கடுத்ததற்கும் 16,383. மடிப்புகளுக்கு இடையே இருந்த வித்தியாசம் பதிவாகவே இல்லை. வெளிச்சமான இடங்களை அடக்கும் ஹைலைட் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் அங்கே சாம்பல் பூச்சுதான் வரும். மூன்று நிறங்களில் ஒன்று மட்டும் நிரம்பி மற்ற இரண்டு தப்பியிருந்தால் மென்பொருள் ஓரளவு மீட்டுத்தரும்.

இருட்டுப் பக்கம் வேறு கதை. அங்கே தகவல் இருக்கிறது, ஆனால் நடுக்கத்தோடு இருக்கிறது. ஒளி துகள் துகளாக வந்து விழுவதால் எண்ணிக்கை எப்போதும் ஏறி இறங்கும். சராசரியாக 10,000 துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரு சதவீதம். 100 துகள் மட்டுமே விழும் இடத்தில் அது 10, அதாவது பத்து சதவீதம். ஷேடோவை, அதாவது இருண்ட இடங்களை, தூக்கும்போது அந்தப் பத்து சதவீத நடுக்கமும் சேர்ந்தே மேலே வந்து புள்ளி புள்ளியாகக் கண்ணில் படுகிறது. கேமரா மட்டமானது என்று இதற்குத் திட்டுபவர்கள் உண்டு. பாதித் தவறு ஒளியினுடையது.

நாம் ஸ்லைடரை எந்த வரிசையில் நகர்த்தினோம் என்பது பெரும்பாலும் பொருட்டே இல்லை. முதலில் கூர்மை, அப்புறம் வெளிச்சம், கடைசியாக நிறச் சமநிலை என்று நீங்கள் போனாலும், மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும் வரிசையில்தான் கணக்குப் போடும். டார்க்டேபிளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் கருவிப் பட்டியலில் கணக்கு கீழிருந்து மேலே ஏறுகிறது. வேலை செய்யும்போது திரையில் தெரியும் அளவுக்கு மட்டும் கணக்குப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் கொடுக்கும்போதுதான் 240 லட்சம் புள்ளிக்கும் முழுக் கணக்கு. லேப்டாப் ஃபேன் அலறுவது அப்போதுதான். ஐபோனின் ஃபோட்டோஸ் ஆப்பில் திருத்திய படத்தை எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்க முடிவதும் மூலத்தைத் தனியே வைத்திருப்பதால்தான். ஏ.ஐ. கொண்டு ஒரு ஆளை நீக்கிப் பின்னணியைப் புதிதாக வரையும்போது மட்டும் எண்கள் போதாது. புதிதாகப் பிறந்த படப் புள்ளிகளை எங்காவது சேமித்தே ஆக வேண்டும்.

சரி, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பு? லைட்ரூம் அதையும் தொடாமல்தான் திருத்தும். ஆனால் போனில் உள்ள பல சில்லறை ஆப்கள் திருத்தி அதே கோப்பின் மேல் சேமித்துவிடும். அங்கே கத்தரிக்கோல் நிஜமாகவே விழுகிறது. ஜேபெக் படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாக அறுத்து, ஒவ்வொரு கட்டத்தின் 64 எண்களையும் மெதுவான ஏற்ற இறக்கம், வேகமான ஏற்ற இறக்கம் என்று 64 அலைகளின் அளவாக மாற்றுகிறது. இந்தக் கணக்கின் பெயர் டி.சி.டி. 1974இல் இதை வெளியிட்ட மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ராவ். 1972இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் அகமது இதற்குப் பணம் கேட்டார், கிடைக்கவில்லை, அவர் விடவில்லை. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு ‘காலை வணக்கம்’ படமும் இந்தக் கணக்கின் வழியாகத்தான் வருகிறது.

மாற்றிய பிறகு ஒவ்வொரு அலை அளவையும் ஒரு எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். 1992இல் வந்த தர ஆவணம் மாதிரியாகக் கொடுத்த பட்டியலில் மிக மெதுவான அலைக்கு வகுக்கும் எண் 16, மிக வேகமான அலைக்கு 99. வேகமான அலையின் அளவு 37 என்று வைத்துக்கொள்வோம். 99ஆல் வகுத்தால் 0.37, முழு எண்ணாக்கினால் பூஜ்யம். கோப்பு சின்னதாகிறது, முடியிழை போன்ற நுணுக்கம் போகிறது. வெட்டி, நிறம் மாற்றி, மறுபடி சேமித்தால் புதிய எண்கள் மேல் மறுபடியும் வகுத்தல். போனிலிருந்து போனுக்கு நாலு கை மாறிய குடும்பப் படத்தில் முகத்தைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெரிவது அந்த 8 × 8 கட்டங்கள்தான்.

அடுக்கிவைப்பதும் இதே குறிப்பு எழுதும் வேலை. ஆனால் ‘படங்களை லைட்ரூமில் போட்டுவைத்திருக்கிறேன்’ என்று பலரும் சொல்கிறார்கள். லைட்ரூமுக்குள் படம் எதுவும் இல்லை. அதன் கேட்டலாக் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், என்ன பெயர், எத்தனை நட்சத்திரம், என்ன குறிச்சொல், என்ன திருத்தம் என்ற அட்டவணைகள்தான் அதற்குள் இருக்கின்றன. அதனால்தான் ஒரே படத்தைக் ‘கொடைக்கானல்’, ‘அப்பா’, ‘பிரிண்ட் போட வேண்டியது’ என்ற மூன்று தொகுப்பிலும் நகல் எடுக்காமலே வைக்க முடிகிறது. அதனால்தான் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை நகர்த்தினால் லைட்ரூம் கேள்விக்குறி போட்டு முழிக்கிறது. படம் தொலையவில்லை, முகவரிதான் பழசாகிவிட்டது. எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தால் போதும்.

தேதி வரிசைக்கு ஆதாரம் எக்ஸிஃப். கேமரா தன் கடிகார நேரத்தைப் படத்துக்குள்ளேயே எழுதும் இந்த முறை ஜப்பானில் 1995இல் வந்தது. ஆனால் எந்த ஊர் நேரம் என்று எழுத அதில் இடம் வந்தது 2016இல்தான். சிங்கப்பூர் போனவர்களுக்கு இது தெரியும்: போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கேமரா இந்திய நேரத்திலேயே நிற்கும். ஊருக்கு வந்து ஒன்றாகச் சேர்த்தால் சாப்பிட்ட பிறகு சமைத்த மாதிரி வரிசை வரும். கேமராப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டரை மணி நேரம் கூட்டச் சொன்னால் சரியாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் இந்த எக்ஸிஃப் தகவல் இருக்காது. கோப்புப் பெயரில் ஒரு தேதி இருக்கும், ஆனால் அது எடுத்த நாள் அல்ல, வந்த நாள். ஒரே படம் மூலமாக ஒன்றும், வாட்ஸ்அப் நகலாக மூன்றும் இருந்தால் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. சுருக்கியதில் எல்லா பைட்டும் மாறியிருக்கும். அதற்கு ஒரு அழகான குறுக்குவழி உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலம் 9, உயரம் 8 என்று வெறும் 72 புள்ளியாகச் சுருக்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு புள்ளியை அடுத்ததோடு ஒப்பிட்டு, அடுத்தது வெளிச்சமாக இருந்தால் 1, இல்லையென்றால் 0. வரிசைக்கு எட்டு விடை, மொத்தம் 64. இந்த 64 விடையில் இரண்டு படங்களுக்கும் இடையே நாலைந்துதான் வித்தியாசம் என்றால் அநேகமாக அவை ஒரே படம். எவ்வளவு கசக்கிச் சுருக்கினாலும் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்பது மாறுவதில்லை.

முகங்களைச் சேர்ப்பதும் எண்களின் தூரம்தான். 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட், ஒரு முகத்தை 128 எண்களாக மாற்றியது. ஒரே ஆளின் இரண்டு படங்கள் அருகருகே விழ வேண்டும், வேறு ஆளுடையது தள்ளி விழ வேண்டும் என்று அதைப் பழக்கினார்கள். பெயர் தெரியாமலே கூட்டம் கூட்டமாகப் பிரித்துவிடும். ‘இது சித்தி’ என்று சொல்வது மட்டும் நம் வேலை. இரட்டைப் பிள்ளைகளிடம் குழம்பும். கைக்குழந்தையும் அதே குழந்தை பத்து வயதில் இருப்பதும் இரண்டு ஆளாகப் போய்விடுவதும் உண்டு.

குறிப்பு வேறு, படம் வேறு என்று ஆனபின் பேக்கப் எடுப்பதிலும் கவனம் வேண்டும். லைட்ரூம் கிளாசிக் மூடும்போது பேக்கப் எடுக்கவா என்று கேட்குமே, அது கேட்டலாகை மட்டும்தான் எடுக்கும், படங்களை அல்ல. அதையும் நாம் மாற்றாதவரை அதே டிஸ்கில், கேட்டலாகுக்குப் பக்கத்திலேயே வைக்கும். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது: படங்களை வெளி டிஸ்கில் பத்திரமாக வைத்துவிட்டு, கேட்டலாக் இருந்த கணினியை ஃபார்மட் அடித்துவிடுவது. படமெல்லாம் இருக்கும், பத்து வருட நட்சத்திரங்களும் குறிச்சொற்களும் திருத்தங்களும் இருக்காது. செட்டிங்ஸில் எக்ஸ்.எம்.பி.யைத் தானாக எழுதும் வசதியை இயக்கிவைத்தால் குறிப்புகளில் பெரும்பகுதி படத்தோடேயே பயணம் செய்யும்.

மென்பொருளையே மாற்றுவதாக இருந்தால், நட்சத்திரமும் குறிச்சொல்லும் எக்ஸ்.எம்.பி. வழியாகப் பெரும்பாலும் ஒழுங்காகப் போய்ச் சேரும். திருத்தங்கள் அப்படிப் போகாது. லைட்ரூமின் ‘ஷேடோஸ் +40’ என்பது லைட்ரூமின் வாய்பாட்டுக்கு மட்டுமே பொருள் உள்ள எண். டார்க்டேபிளின் வாய்பாடு வேறு. அதனால் சுவரில் மாட்டியவை, ஆல்பம் போட்டவை போன்ற முக்கியமான படங்களை முடிந்த தோற்றத்திலேயே, தரம் குறையாமல் வைத்திருக்கும் 16 பிட் டிஃப் கோப்பாக முன்கூட்டி எக்ஸ்போர்ட் செய்துகொள்வது நல்லது. மற்றவற்றுக்கு ரா கோப்பு இருக்கிறது, வேண்டும்போது திருத்திக்கொள்ளலாம்.