படகு வயிறு கொண்ட வண்டி

சோமாலியாவில் இருந்த ஆப்பிரிக்க ஒன்றிய அமைதிப்படையின் படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: தரையில் ஓடும் வண்டிக்குப் படகைப்போல அடிவயிறு எதற்கு?

2007 மார்ச்சில் உகாண்டா வீரர்கள் மொகதிஷுவில் இறங்கினார்கள். அதே ஆண்டின் இறுதியில் புருண்டி வீரர்கள் சேர்ந்தார்கள். இவர்களுக்குப் பயிற்சியும் தளவாடங்களும் கொடுத்தவர்களில் அமெரிக்காவும் உண்டு. அப்படி வந்த கவச வண்டிகளில் ஒன்றுதான், படகைப்போல அடிவயிறு V வடிவில் குவிந்த தென்னாப்பிரிக்காவின் காஸ்பிர். சக்கரத்தின்கீழ் 21 கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடித்தாலும் உள்ளிருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது.

குழாயடியில் ஒரு தட்டைக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். விழும் தண்ணீர் தட்டை அழுத்துவதைக் கை உணரும். சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும், கையின் பாரம் குறையும். கண்ணிவெடி இதன் தலைகீழ்க் காட்சி. வாயுவும் மண்ணும் கீழிருந்து சீறி எழுகின்றன. தட்டையான அடித்தகடு அவற்றின் உந்தம் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. தகடு 45 பாகை சாய்ந்திருந்தால், தகட்டுக்குச் செங்குத்தான கூறு மட்டுமே அதைத் தாக்கும். அதிலும் ஒரு பகுதிதான் வண்டியை மேலே தூக்கும். சாய்வுக் கோணத்தின் கொசைன் இரண்டு முறை பெருக்கப்படுவதால் தூக்கும் உந்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. 60 பாகை என்றால் கால்பங்கு! வெடி நடுவில் நிகழ்ந்தால் இடமும் வலமும் தள்ளும் விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பள்ளிக்கூட முக்கோணவியல் மனித உயிரைக் காப்பதை இதைவிட அழகாக நான் எங்கும் கண்டதில்லை.

இந்த வண்டி 1970களின் இறுதியில் நிறவெறி அரசின் காவல்துறைக்காக உருவானது. கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் அடக்குமுறையின் அடையாளமாகவே நின்றது. அதே எஃகு வயிறு பின்னாளில் ஆப்பிரிக்க வீரர்களின் கால்களைக் காத்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் போதாது, உண்மையான வெடியில் சோதித்தும் பார்க்க வேண்டும். சோதிக்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். கவைக்குச்சியைப் பிடித்து நீரோட்டம் பார்ப்பதைப்போல, ஆன்டெனா தானாகத் திரும்பி வெடிகுண்டைக் காட்டும் என்று சொல்லி ஏடிஇ 651 என்ற கருவியை இராக்கிற்குப் பெருந்தொகைக்கு விற்றார்கள். உள்ளே வேலைசெய்யும் மின்சுற்றே இல்லை. விற்றவருக்கு 2013இல் பிரிட்டனில் 10 ஆண்டுச் சிறை. சோதித்துப் பார்க்காத நம்பிக்கை சோதனைச்சாவடியில் நிற்பவரின் உயிரைக் கேட்கும். வெடிச் சோதனைக்களத்துக்குச் செலவிடும் பணத்தை வீண் என்பவர்களுக்கு இதுவே என் பதில்.

படகு வயிற்றுக்கும் ஒரு விலை உண்டு. வெடியிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதால் வண்டி உயரம். ஈர்ப்பு மையமும் மேலே. லாரி ஓட்டிப் பழகியவர் அதே வேகத்தில் வளைவில் திருப்பினால் கவிழ்ந்துவிடும். வெடியில் தப்பினாலும், வண்டி எழும்பி விழும் குலுக்கலில் பெல்ட் போடாதவரின் தலை கூரையில் இடிக்கலாம். அதனால் வண்டியை மட்டும் கொடுத்தால் போதாது. இத்தகைய வண்டிகளுக்கான பயிற்சியில் வீரர்களைச் சுழலும் கூண்டில் உட்காரவைத்துத் தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். ஒரு கையைக் கூரையில் அழுத்தி ஊன்றிய பிறகே மறு கையால் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும்; அவசரப்பட்டு முதலில் பெல்ட்டை அவிழ்ப்பவர் கழுத்து மடங்க விழுவார்.