"ருபது" டிகிரி: வயர்லெஸ்ஸில் சொன்னது எங்கே போகிறது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்க போட்டுலேர்ந்து வயர்லெஸ்ல தெளிவாத்தான் சொன்னோம். பக்கத்துப் போட்டுக்காரங்க காதுல விழவே இல்லைங்கறாங்க. செட்டு நல்லாத்தான் இருக்கு. யாரை நம்புறது?"

இரண்டு பேரையும் நம்பலாம். படகுகளில் வைத்திருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டில் பட்டனை அழுத்திப் பேசும்போது நம் ரிசீவர் அடைத்துக்கொள்ளும். அதே நொடியில் இன்னொருவரும் அதே சேனலில் பேசினால் இருவருக்குமே அது தெரியாது.

கேட்பவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் அழகான இயற்பியல். இந்த செட்டுகள் எஃப்எம் முறையில் இயங்குபவை. நம் குரல், ரேடியோ அலையின் வலிமையில் இல்லை, அதன் அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. ரிசீவர் முதலில் வலிமை வேறுபாடுகளை வெட்டிச் சமன் செய்துவிட்டு, அதிர்வெண்ணை மட்டும் பின்தொடர்கிறது. இரண்டு அலைகள் ஒன்றாக வந்தால், கூட்டலையின் அதிர்வெண் வலுவானதன் பின்னாலேயே போகும். ஒரே மாதிரி செட்டு என்றால், 4 கடல் மைலில் இருப்பவரின் அலை 8 மைலில் இருப்பவருடையதைவிடக் குறைந்தது நான்கு மடங்கு வலுவாக வரும். தூரத்துக் குரல் பெரும்பாலும் இரைச்சலாகக்கூட மிஞ்சாது, மறைந்துவிடும். பேசியவருக்குச் சொல்லிவிட்ட நிம்மதி. கேட்டவருக்கு யாரும் பேசியதாகவே தெரியாது.

விமானங்கள் இன்னும், குரலை அலையின் வலிமையில் ஏற்றும் ஏஎம் முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் இரண்டு பேர் மோதினால் கீச்சென்று ஒரு சத்தமாவது வரும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில், அந்தக் கீச்சொலிதான் புறப்படவிருந்த கேஎல்எம் விமானத்தின் விமானிகளின் காதில் விழுந்தது. கட்டுப்பாட்டு அறை "பொறு" என்றதும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானம் சொன்னதும் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டன. கேஎல்எம் விமானம் புறப்பட ஓடி, பான் ஆம் விமானத்தின் மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள்.

இதற்கு மருந்து, கேட்டவர் திருப்பிச் சொல்வது. பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். உடனே பேசினால் முதல் அசை அறுந்துபோகும். "இருபது", "அறுபது" இரண்டுமே "ருபது" ஆகிவிடும். 20 டிகிரிக்குப் பதில் 60 டிகிரியில் திரும்பி 5 கடல் மைல் போன படகு, போக வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை மைல் தள்ளி நிற்கும். அதனால் எண்ணை இலக்கம் இலக்கமாக, "இரண்டு, பூஜ்யம்" என்று சொல்லுங்கள். கேட்டவர் "சரிண்ணே" என்றால் போதாது. அந்த எண்ணையே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டு "சரி" அல்லது "இல்லை" என்று முடிக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். தப்பாகத் திரும்பி வந்தாலும், தான் சொன்னதே வந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் இருந்தும் ஒரு ஓட்டை மிச்சம். டெனெரீஃபில் கேஎல்எம் விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. பான் ஆம் விமானம் ஓடுபாதையிலிருந்து இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். அனுபவம் மிக்க கேப்டன் விலகிவிட்டதாக அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. மூத்தவரிடம் "அண்ணே, தப்புண்ணே" என்று சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் திருப்பிச் சொல்வது வேலை செய்யும். இல்லாவிட்டால் அது வெறும் எதிரொலி. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு படி உண்டு. ஒருமுறை வாய் திறந்தவர் அடுத்த முறை தயங்க மாட்டார் என்பதே அதன் கணக்கு. டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கிளம்பும்போது "இன்ஜின் சத்தம் சரியில்லையே" என்று ஒரு பையன் சொன்னால், அபசகுனமாகப் பேசாதே என்று வாயை அடைக்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். அந்தப் பையன் தருவது தகவல். தானே புயல் கரையேறிய கரை இது; இங்கே தகவலின் விலை யாருக்கும் தெரியாததல்ல. கருவி வாங்க மானியம் தருவது நல்லதுதான். அதோடு அரைநாள் பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்: இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு செட்டுகளை வைத்து, வேண்டுமென்றே தப்பான எண்ணைத் திருப்பிச் சொல்லி, எத்தனை பேர் அதைப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.