நடைப்பயிற்சி மட்டும் எலும்புக்குப் போதுமா?

அறுபதைத் தாண்டியவர்களிடம் உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போறேனே!" இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்ல பதில். எலும்பைப் பொறுத்தவரை பாதிப் பதில்தான்.

எலும்பின் சுபாவம் அப்படி. பழகிய சுமையை அது கண்டுகொள்ளாது. வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான அழுத்தம் வந்தால்தான் அதன் உள்ளே இருக்கும் செல்கள் விழித்துக்கொண்டு, அந்த இடத்தைப் பலப்படுத்தும் வேலையைத் தொடங்கும். சுமைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். பல பத்து வருடமாக நடந்து பழகிய கால்களுக்கு, அதே வேகத்தில் இன்னும் ஓர் அரை மணி நேரம் என்பது புதுச் சேதி இல்லை. நீச்சலிலும் சைக்கிளிலும் எலும்புக்கு வேலை அதைவிடக் குறைவு. உடல் எடையைத் தண்ணீரும் சீட்டும் தாங்கிக்கொள்கின்றன. மூட்டுக்கு இதம் என்பதால் அவற்றை விட வேண்டாம், அவ்வளவுதான்.

மூட்டுக்கு வேண்டியது வேறு. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல மூட்டுத் திரவம் அதற்குள் ஊறுகிறது. ஊட்டம் போகும் வழி அதுதான். 'தேய்ஞ்சுபோச்சு, இனி ஆட்டக் கூடாது' என்று முழங்காலைச் சும்மா வைத்திருந்தால் அந்த வழியும் குறைகிறது, தொடைத் தசையும் மெலிகிறது. அதிர்வைத் தாங்கத் தசை இல்லாதபோது ஒவ்வொரு அடியும் மூட்டின் மேல் விழும்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் மூன்று சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது 2 நாள் தசை வலுப்பயிற்சி, குறைந்தது 3 நாள் சமநிலையையும் வலுவையும் சேர்த்துத் தரும் பயிற்சி. வாக்கிங்கில் முதலாவது முடிந்துவிடும். பின்னிரண்டும்தான் விடுபடுகின்றன.

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் பொறுமை இருக்கிறது என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் செய்யுங்கள். கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து, பாதங்களை இடுப்பகலத்தில் வைத்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள். முதுகு நேராக இருக்க, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். 8 முதல் 12 முறை ஒரு செட். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் 2 அல்லது 3 செட். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

தவறு நடப்பது பெரும்பாலும் உட்காரும்போதுதான். பாதி வழியில் காலை விட்டுவிட்டுப் பொத்தென்று விழுவார்கள். தசைக்கு நல்ல வேலை கிடைக்கும் பாதி அங்கே வீணாகிறது. எலும்பு மெலிந்தவருக்கு அந்த அடி முதுகெலும்புக்கும் ஆபத்து. இன்னொன்று, எழும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்வது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவிழந்திருப்பது இதற்கு முக்கியக் காரணம். முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு எலாஸ்டிக் பட்டையைச் சுற்றி அதை வெளிப்பக்கம் தள்ளியபடி எழுந்தால் சரியாகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும்.

எழவே முடியவில்லையா? கெட்டியான மெத்தையொன்றைப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள். 12 முறை சிரமமின்றி வந்தால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஏந்துங்கள். அதுவே 1 கிலோ. பிறகு இரண்டு. கடைசி இரண்டு மூன்று முறை கஷ்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எலும்புக்குச் சேதி போகவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வொன்றில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் 2 முறை, 30 நிமிடம், 8 மாதம் கனமான எடை தூக்கினார்கள். இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று செய்வித்தது அது. வீட்டில் தனியாக அந்த எடைக்குப் போகாதீர்கள்.

சமநிலைக்கு, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 முறை. பிறகு ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்பது. அது சுலபமானால் ஒற்றைக்கால். சாக்ஸ் போட்டுக்கொண்டு செய்ய வேண்டாம், வழுக்கும்.

எலும்பு அடர்த்திக் குறைவு உள்ளவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டியது, முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சிகள்: சிட்-அப், கால்விரலைத் தொடுவது, குனிந்த நிலையில் திரும்புவது. வளைந்த முதுகில் பாரம் முதுகெலும்பின் முன்பகுதியில் குவிந்து அதை நசுக்கிவிடலாம். 1984-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முன்னால் வளைக்கும் பயிற்சி செய்த பெண்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கல் ஏற்பட்டது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். 'யோகாதானே, ஒன்றும் ஆகாது' என்பது இங்கே செல்லாது. எந்த ஆசனம் என்பதைப் பாருங்கள்.

வலி வந்தால் நிறுத்தவா? பூஜ்யம் முதல் பத்து வரை அளந்தால், மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு 5 வரை வலி இருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் பயிற்சியை விடாதீர்கள், எடையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள். மூட்டு சூடாக வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, லேசாகக் குனிந்ததும் முதுகில் சுளீரென்று வலி பிடித்து விடாமல் இருந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க மூன்று மாதத்தில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுப்பது வீண். எலும்பின் மாற்றம் அதில் தெரிய ஒரு வருடமாவது ஆகும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12-க்கும், பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே, விழும் அபாயம் கூடுதல். காய்ச்சலோ பயணமோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட எடையிலேயே தொடங்காமல் பாதியில் ஆரம்பியுங்கள்.