தலையைத் தூக்கி வாயைத் திறந்த விலங்கு

மேசை விளிம்பில் மோவாயை அழுத்தி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடை இறங்க இடமில்லை. தலைதான் பின்னால் சாயும். கழுத்தில் சுருக்கென்று பிடிக்கும். நமக்குச் சங்கடமான இந்த வேலையைத்தான் ஜெரோதொராக்ஸ் பிழைப்பாகவே வைத்திருந்தது.

ஏறத்தாழ 25 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிரையாசிக் காலத்து நீர்நிலைகளில் வாழ்ந்த இருவாழ்வி இது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். தட்டையான உடல், அதன்மேல் எலும்புக் கவசம், குட்டைக் கால்கள். தலையோ நீளத்தைவிட அகலம் அதிகம், உச்சியில் இரண்டு பெரிய கண்கள். தவளைக்கு வளர்ந்ததும் செவுள் மறைந்துவிடும். இதற்குக் கடைசிவரை இருந்தது. ஸ்வீடன், ஜெர்மனி, கிரீன்லாந்து ஆகிய இடங்களில் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன.

நீரடித் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும் விலங்குக்குக் கீழ்த்தாடையை இறக்குவது எப்படி? சேற்றைத்தான் தோண்ட வேண்டும். கிழக்குக் கிரீன்லாந்து எலும்புகளை ஆராய்ந்த தொல்லுயிரியலாளர் ஃபாரிஷ் ஜென்கின்ஸ் குழுவினர் 2008இல் இதற்கு விடை சொன்னார்கள்: தாடை கிடந்த இடத்திலேயே கிடக்க, மண்டையோடு 50 பாகை வரை மேலே எழும்பியிருக்கிறது. டிரங்குப் பெட்டியின் மூடியைத் திறப்பது போல.

கீல் இருந்தது பிடரியில். மண்டையோட்டின் பின்புறம் உருண்டையான இரண்டு எலும்பு முனைகள், கழுத்தின் முதல் முள்ளெலும்பில் பொருந்துகின்றன. இரண்டு முனை என்பதால் தலை பக்கவாட்டில் அதிகம் திரும்பாது. மேலும் கீழும் மட்டும் நன்றாக அசையும். அதைத் தூக்கியவை முதுகிலிருந்து பிடரிக்கு வந்த தசைகள். முதலை மேல்தாடையை அசைக்கிறது என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தது தவறு. இந்த விலங்கைப் பார்த்திருந்தால் பாதியாவது சரியாகியிருக்கும்.

தலை எழும்பியதும் வாய்க்குள் திடீரென வெற்றிடம் விரியும். அதை நிரப்பத் தண்ணீர் பாயும். எதிரே நீந்தும் மீனும் கூடவே உள்ளே போகும். துரத்தல் இல்லை, பாய்ச்சல் இல்லை. ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகள் இந்த உடலமைப்பு பெரிதாக மாறவே இல்லை.

ஒரு வேடிக்கை: கண்கள் தூக்கப்படும் அந்தத் தலையில்தான் இருக்கின்றன. ஆகவே தலை முழுக்க எழும்பி மீன் வாய்க்குள் போகும் கணத்தில், அவை பின்பக்கம் சாய்ந்து, தன் வால் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.